எங்கள் பிள்ளைகளின் கதையை யார் எழுதுவது?

தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 4 பிள்ளைகளிடம் "எனது வீடு" என்று கட்டுரை எழுதச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை எழுதும் வீட்டுக்கு முன்னால் முற்றம் இருக்கும். முற்றத்தில் மாமரம் நிற்கும். பின்னால் கிணறு இருக்கும். மாலையில் அப்பா சாய்வு நாற்காலியில் பத்திரிகை படிப்பார். லயத்தில் கிணறு எங்கே இருக்கிறது, தோழர்களே? பீலி அல்லவா இருக்கிறது? பத்தடி காம்பராவில் சாய்வு நாற்காலியை எங்கே போடுவது?

பிள்ளை பொய் சொல்லவில்லை. வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அது வாசித்திருக்கிறது. வாசித்த எந்தப் புத்தகத்திலும் லயம் ஒரு வீடாக வந்ததில்லை. அதனால் தான் இருக்கும் இடம் எழுதத் தகாத இடம் என்று எட்டு வயதிலேயே தெரிந்துகொள்கிறது. தப்பித் தவறி ஒரு பிள்ளை "எங்கள் காம்பரா", "இஸ்தோப்பு", "பிள்ளைக் காம்பரா" என்று எழுதிவிட்டால் அந்தச் சொற்களின் கீழே சிவப்பு மையில் கோடு விழுகிறது. தாயும் பாட்டியும் வாழ்நாள் முழுக்கப் பேசிய சொல்லுக்குப் புள்ளி குறைகிறது.

இது சின்ன விஷயம், இதற்குப் போய்த் தொழிற்சங்கப் பத்திரிகையில் இடம் ஒதுக்குவதா என்று கேட்பவர்களுக்குப் பிறகு வருகிறோம். முதலில், மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இருந்தார். ஆடிப்பிறப்பையும் கூழையும் கொழுக்கட்டையையும் அவர் பாடி வைத்தார். அந்தப் பாட்டு பாடசாலைக்குள் போனது, இலங்கையில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் அதைப் பாடினார்கள். ஆடிக்கூழ் குடித்தே இராத எங்கள் பிள்ளைகளும் அபிநயத்தோடு பாடினார்கள். அதில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல பாட்டு. தன் ஊர்ப் பிள்ளைக்குத் தன் ஊர்ப் பண்டிகையைப் பாடியது புலவர் செய்த சரியான வேலை. காமன் கூத்துக்கு இரவு முழுக்கக் கண்விழித்துக் கிடக்கும் மஸ்கெலியாப் பிள்ளைக்கு அப்படி ஒரு பாட்டு எங்கே என்பதுதான் எங்கள் கேள்வி. பனைமரத்தின் பயன்களை மனப்பாடமாகச் சொல்லும் நுவரெலியாப் பிள்ளை ஒரு பனையைக்கூட நேரில் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளையின் வாசலில் நிற்கும் சவுக்கு மரத்தைப் பற்றி ஒரு வரியாவது அதன் கைக்கு வந்திருக்கிறதா?

சிங்களப் பிள்ளைக்கு மார்ட்டின் விக்ரமசிங்க இருந்தார். அவருடைய 'மடோல் தூவ' 1947 இல் வந்தது. தெற்குக் கரையோரக் கிராமம் ஒன்றில் திரியும் குறும்புக்காரப் பையனின் கதை. அவன் நல்ல பிள்ளை அல்ல. அடி வாங்குகிறான், ஊரை விட்டு ஓடுகிறான், தீவில் போய்க் குடியேறுகிறான். விக்ரமசிங்க கொக்கலையில் பிறந்தவர். அந்தக் களப்பும் கண்டல் காடும் அவருக்குத் தெரிந்தவை. அதனால்தான் கடலையே காணாத சிங்களப் பிள்ளைகூட அந்தத் தீவை நேரில் கண்டதுபோலச் சொல்கிறது.

தொழிற்சங்கக்காரர்களாகிய நாம் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியவர் இன்னொருவர்: ரி.பி. இலங்கரத்ன. பிற்காலத்தில் அமைச்சரானவர் என்றுதான் பலருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவர். 1947 வேலைநிறுத்தத்தில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அந்த வேலைநிறுத்தத்துக்காகத்தான் இலங்கரத்ன வேலை இழந்தார். அவரே பிறகு 'அம்ப யஹலுவோ' என்ற சிறுவர் நாவலை எழுதினார். வளவு வீட்டுப் பையனும் ஏழைப் பையனும் நண்பர்களாகும் கதை அது. தலைமுறை தலைமுறையாகச் சிங்களப் பிள்ளைகள் அதை வாசித்து வருகிறார்கள். வேலைநிறுத்தம் நடத்திய கை சிறுவர் கதை எழுதியபோது அது தன் தரத்துக்குக் குறைந்த வேலை என்று நினைக்கவில்லை.

சரி, எங்களைப் பற்றி யாருமே எழுதவில்லையா? எழுதுகிறார்கள். கைக்கு வரும் சிறுவர் கதைகளில் தோட்டத்துப் பிள்ளை வருமிடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே அச்சுகள்தான். ஒன்று கண்ணீர் அச்சு. அப்பா குடிகாரர், அம்மா நோயாளி, பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசில்லை. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒரு நல்ல மனிதர் காரில் வந்து இறங்குவார். பிள்ளை வைத்தியராகிவிடும். முற்றும். மற்றது தபால் அட்டை அச்சு. பனிமூட்டம், பச்சை மலை, பட்டுப்போன்ற சேலையில் சிரித்துக்கொண்டு கொழுந்து எடுக்கும் அக்கா. "எங்கள் நாட்டுத் தேயிலை உலகப் புகழ் பெற்றது" என்று கீழே ஒரு வாசகம்.

படத்தைப் பார்த்து முதலில் சிரிப்பது எங்கள் பிள்ளைதான். கூடை இடுப்பில் இருக்கும். தலையில் மாட்டும் கயிறு இருக்காது. படங்கு கட்டியிருக்க மாட்டார்கள். ஒரு கையால் பூப்பறிப்பதுபோலக் கொழுந்து பறிப்பார்கள். அட்டை இல்லை, தராசு இல்லை, கங்காணி இல்லை. "இந்த அக்காவுக்கு இன்றைக்கு அரைப் பேர்தான்" என்று ஒரு பிள்ளை சொன்னால், தேயிலையை அறியாத ஓவியருக்கு அந்தப் பகிடி விளங்காது.

வெளியார் எங்களைப் பற்றி எழுதவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அக்கறையோடு வந்து, இருந்து, கேட்டு எழுதுபவர்களை வரவேற்கிறோம். ஆனால் இரக்கப்பட்டு எழுதுபவருக்கு எங்கள் பிள்ளை எப்போதும் உதவி பெறும் பிள்ளைதான். அது யாருக்கும் உதவுவதில்லை, யாரையும் ஏமாற்றுவதில்லை, குறும்பு செய்வதில்லை, எதையும் கண்டுபிடிப்பதில்லை. லயத்தில் வளர்ந்தவர் எழுதினால்தான் இந்த வருடக் காமன் கூத்தில் ரதி வேஷம் யாருக்கு என்று நடக்கும் சண்டை கதையாகும். அட்டைக்குப் பயந்து காலெல்லாம் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு பாடசாலைக்கு ஓடும் பையன் கதையாவான். துரை பங்களாவில் கொய்யா பறித்துப் பிடிபட்டவனின் கதை வரும். அழுகை மட்டும்தான் எங்கள் வாழ்க்கை என்றால் இருநூறு வருடம் தாக்குப்பிடித்திருப்போமா?

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான் இருந்தது. 1965 இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் அங்கே மூன்று வருடங்களில் வெளியான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களை ஆராய்ந்து கணக்கு வெளியிட்டார். கறுப்பினப் பிள்ளை ஒன்றாவது தென்பட்ட நூல்கள் 6.7 வீதம். இருபது வருடம் கழித்து, 1985 இல், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் நிலையம் வேறொரு கேள்வியோடு எண்ணியது: படத்தில் யார் என்பதல்ல, எழுதியது யார்? அந்த வருடம் வந்த சுமார் 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவையோ வரைந்தவையோ வெறும் 18. ருடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியை 1990 இல் இதைப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி சொன்னார்: புத்தகம் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், யன்னலாகவும் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு யன்னல்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கண்ணாடிதான் கிடைக்கவில்லை. அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கோ எங்கள் பக்கம் பார்க்க ஒரு யன்னலும் இல்லை.

அங்கே மாற்றம் எண்ணியதில் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். நிறுவையில் கிலோ வெட்டப்படுவதைத் தராசைப் பார்க்காமல் நிரூபிக்க முடியாது என்று நமக்குத் தெரியாதா?

இப்போது தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். "முதலில் சம்பளம், அப்புறம் புத்தகம்." இதைச் சொல்பவர்கள் எதிரிகள் அல்லர், எம்மோடு நிற்கும் தோழர்கள். 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டு ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள், அது 2021 இல்தான் வர்த்தமானியில் வந்ததைக் கண்டவர்கள். அவர்களுடைய அவசரம் எங்களுக்கும் உண்டு. ஆனால் மலையகத் தொழிற்சங்க வரலாறே இந்த வாதத்துக்கு எதிராக நிற்கிறது. கோ. நடேசய்யர் சங்கம் அமைப்பதற்கு முன்பே அச்சுக்கூடத்தைக் கையில் எடுத்தவர். பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் போட்டார், புத்தகம் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டெழுதித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டாகப் போய்ச் சேர்ந்தது அரசியல். சி.வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், சங்கத் தலைவர். அவர்தான் எங்கள் பாட்டிமார் பாடிய பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். சம்பளப் போராட்டம் முடியட்டும் என்று அவர் காத்திருந்தால் அந்தப் பாட்டுகள் பாட்டிமாரோடு மண்ணுக்குப் போயிருக்கும்.

அதோடு, சம்பளக் கணக்கும் இதில் இருக்கிறது. பதினைந்து பதினாறு வயதில் படிப்பை விட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடைச் சிப்பந்தி வேலைக்கும் போகும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களைப் பாடசாலையிலிருந்து துரத்துவது வறுமை. அது முதற்காரணம், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருடம் உட்கார்ந்திருந்த வகுப்பறையில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காத பிள்ளைக்கு, அங்கே தொடர்ந்து இருக்க என்ன பிடிப்பு? தரகர் வந்து கூப்பிடும்போது "நான் படிக்கிறேன்" என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்?

அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் ஒன்றுமே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்காவது முயலும் ஆமையும் இருக்கின்றன. பதினான்கு வயதுக்காரருக்கு ஒன்று பாடநூல், இல்லாவிட்டால் கைத்தொலைபேசி. இத்தனைக்கும் அந்த வயதுக்கு ஏற்ற கதை எங்களிடம் குவிந்து கிடக்கிறது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தாத்தாவை நாடற்றவராக்கியது. 1964 இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்தார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் ஆனார்கள். தலைமன்னார் போன ரயிலுக்கு எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தது. அந்தக் கோச்சியில் ஏறிய பன்னிரண்டு வயதுப் பெண், கூடப் படித்தவளிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாள்? அதைவிட ஒரு இளையோர் நாவலுக்கு என்ன வேண்டும்? 1940 ஜனவரியில் மூலோயாவில் சுடப்பட்ட கோவிந்தனையும், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிப்புக்கு எதிராக நின்று சுடப்பட்ட சிவனு லெட்சுமணனையும் எங்கள் பிள்ளைகள் மேடைப் பேச்சில் பேராக மட்டும் கேட்கிறார்கள். 2023 இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். மலர்கள் வந்தன, ஆய்வரங்குகள் நடந்தன. நல்லது. அவற்றில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுத்து வாசிக்க எது வந்தது?

எழுத ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். தெளிவத்தை ஜோசப் முதல் மு. சிவலிங்கம் வரை பெரியவர்களுக்கான மலையகச் சிறுகதை யாருக்கும் தாழ்ந்ததல்ல. துரைவி பதிப்பகம் 1990களில் 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்று இரண்டு தொகுதிகளில் அவற்றைத் திரட்டியும் தந்தது. அதே கைகள் பிள்ளைகளுக்கு எழுதாததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. கேட்பார் இல்லை, அச்சிடுவார் இல்லை, வாங்குவார் இல்லை. வண்ணப்படம் போட்ட புத்தகம் அச்சிடச் செலவு அதிகம். கடதாசி இல்லாமல் 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது. கைக்காசைப் போட்டு ஐந்நூறு பிரதி அடித்துவிட்டு, அதைத் தோளில் சுமந்து விற்கும் எழுத்தாளர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிறுவர் நூலை இந்த வழியில் கொண்டுவரவே முடியாது.

எழுத வேண்டியவர்கள் யார் என்பதிலும் நாங்கள் ஒன்று சொல்ல விரும்புகிறோம், சிலருக்குப் பிடிக்காவிட்டாலும். "மலையக எழுத்தாளர்" என்று ஒரே கதவைத் திறந்து, பட்டணத்துக்கு வந்துவிட்ட நாலு ஆண்களை மட்டும் உள்ளே விட்டால் போதாது. மலையில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தெரிந்த கதை வேறு. தப்படிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரிந்த கதை வேறு. லயத்துக்குள் இருக்கும் சாதியைப் பற்றி நாம் மேடையில் பேசுவதில்லை, அந்தப் பிள்ளை தினமும் அதைக் கடந்துதான் தண்ணீர் எடுக்கப் போகிறது. இரத்தினபுரி, களுத்துறை இறப்பர் தோட்டங்களில் தமிழ் பேசிச் சிங்களத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த கதை இன்னும் வேறு. இத்தனை பேரும் எழுத வேண்டும்.

அதிகாரிகளிடம் கேட்க வேண்டியவை உண்டு. தேசிய கல்வி நிறுவகமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் தமிழ்ப் பாடநூல் எழுதும் குழுக்களில் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களை உட்கார வைக்க வேண்டும். எழுதி முடித்த பிறகு பிழை பார்க்க அல்ல, எழுதும்போதே. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து எத்தனையோ ஆசிரியர்கள் வெளியே வருகிறார்கள். அவர்களில் கதை சொல்லத் தெரிந்தவரே இல்லையா? பாடசாலை நூலகங்களுக்கு நூல் வாங்கும்போது மலையக எழுத்தாளரின் சிறுவர் நூலுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். வாங்குவது நிச்சயம் என்று தெரிந்தால் பதிப்பகத்தார் தாமாகவே வருவார்கள். அந்த நூல்கள் சிங்களத்துக்கும் போக வேண்டும். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையும் வாசிக்கட்டும்.

ஆனால் திணைக்களத்தை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போவது சுலபம். ஒவ்வொரு ஜனவரியிலும் மலையகத்தில் எத்தனை சங்கங்கள் எத்தனை ஆயிரம் கலண்டர் அடிக்கின்றன? தலைவர் படம் பெரிதாக, தொழிலாளி படம் தபால் தலை அளவில். அந்தத் தாளும் மையும் தொழிலாளியின் சந்தாவிலிருந்துதான் வருகின்றன. அதில் ஒரு பங்கை எடுத்தால் வருடத்துக்கு இரண்டு சிறுவர் நூல் கொண்டுவரலாம். கலண்டர் இல்லாமல் எந்தத் தலைவரையும் யாரும் மறந்துவிடப் போவதில்லை.

வருகிற கிளைக் கூட்டங்களுக்கு இரண்டு வேலை வைக்கிறோம். ஒன்று, உங்கள் தோட்டப் பாடசாலை நூலகத்துக்கு அதிபரின் அனுமதியோடு இரண்டு பேர் போங்கள். அங்குள்ள தமிழ்க் கதைப் புத்தகங்கள் எத்தனை, அவற்றில் மலையகத்தில் பிறந்தவர் எழுதியவை எத்தனை என்று எண்ணுங்கள். நூலகமே இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள். மாவட்ட வாரியாக அந்தக் கணக்கை இந்தப் பத்திரிகையில் போடுவோம், பிறகு அதையே கையில் வைத்துக்கொண்டு கல்வி அமைச்சுக்குப் போவோம். இரண்டு, எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரையான பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதட்டும். கொப்பித் தாளில் இரண்டு பக்கமாக இருந்தாலும் போதும். காம்பராவைக் காம்பரா என்றே எழுதுங்கள். தட்டச்சு செய்வதும் படம் வரைய ஆள் பிடிப்பதும் எங்கள் வேலை.